பாலத்தின் நடுவில் ஒரு லாரி நின்றால் இரண்டு கரையும் ஏன் நிற்கிறது?

கேள்வி இதுதான்: பெரிய ஆற்றுப் பாலத்தில் ஒரு விபத்தோ, தீயோ, வண்டிப் பழுதோ ஏற்பட்டால், அதே சம்பவம் சாதாரணச் சாலையில் நடந்ததைவிடப் பல மடங்கு நேரம் போக்குவரத்து முடங்குவது ஏன்? வண்டியை அகற்றிய பிறகும் நெரிசல் மணிக்கணக்கில் தீராமல் இருப்பது ஏன்? இதைக் குறைக்க வழி உண்டா?

வழி உண்டு. ஆனால் அதைப் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். தாமதத்தைத் தீர்மானிப்பது விபத்து பெரிதா சிறிதா என்பது அல்ல, அடைபட்ட தடம் (வண்டிகள் வரிசையாகப் போகும் பாதை) காலியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான். அந்த நிமிடங்களில் பெரும்பகுதி, விபத்து நடப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பாலத்தின் அகலத்தையும் மீட்பு ஏற்பாட்டையும் முடிவு செய்த மேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு திசையில் மூன்று தடங்கள் உள்ள பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகலாம், மூன்றுக்கும் சேர்த்து 6,000. பரபரப்பான நேரத்தில் 5,400 வண்டிகள் வருகின்றன. கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது, எல்லாம் ஓடுகிறது. இப்போது ஒரு தடத்தில் லாரி நின்றுவிட்டது. மூன்றில் ஒன்றுதானே போயிற்று, மீதி இரண்டில் 4,000 போகும் என்றுதான் தோன்றும். போகாது. அடைபட்ட தடத்திலிருந்து வண்டிகள் பக்கத்துத் தடத்துக்குள் நுழைய முண்டியடிக்கும். லாரியைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைத்து எட்டிப்பார்ப்பார்கள். மீட்புப் பணியாளர்கள் நிற்கவும் கொஞ்சம் இடம் வேண்டும். இதனால் கடந்து போகும் அளவு பாதிக்கும் சற்றுக் கீழே, 2,900 அளவுக்கு இறங்கிவிடும். ஒரு திசையில் இரண்டே தடங்கள் உள்ள பாலமாக இருந்து ஒன்று அடைபட்டால் நிலைமை இன்னும் மோசம்: மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சும்.

அரை மணி நேரத்தில் லாரியை அகற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 1,250 வண்டிகள் தேங்கியிருக்கும். மூன்று தடங்களிலும் பரவி நின்றால் மூன்று கி.மீ. நீளத்துக்கு வரிசை. இப்போது பாலம் முழுதாகத் திறந்திருக்கிறது. ஆனாலும் புதிதாக வரும் 5,400 போக, தேங்கியதைக் கரைக்க மணிக்கு 600 வண்டிக்கான இடம்தான் மிச்சம். அப்படியானால் வரிசை முழுக்கத் தீர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லாரி நின்றது அரை மணி, அதன் விளைவு இரண்டரை மணி. இரண்டு மணி நேரம் கழித்து அந்த இடத்துக்கு வந்து சேருகிறவர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, “ஒன்றுமே இல்லையே, எதற்கு இவ்வளவு நேரம் நின்றோம்?” என்று கோபப்படுவது இதனால்தான்.

அதே லாரியைப் பதினைந்து நிமிடத்தில் அகற்றியிருந்தால்? தேங்குவது 625 வண்டி, தீர ஒரு மணி நேரம். வண்டியும் பாதி, காத்திருக்கும் நேரமும் பாதி. எல்லோருக்கும் சேர்த்து வீணாகும் நேரம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அகற்றும் நேரத்தைப் பாதியாக்கினால் இழப்பு கால்வாசியாகும். இந்தத் துறையில் இதைவிட முக்கியமான கணக்கு வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பாலத்தை அதே அரை மணி நேரம் முழுதாக மூடினால் 2,700 வண்டிகள் தேங்கும், அது கரைய நாலரை மணி நேரம் ஆகும். காலையில் மூடிய பாலத்தின் பாதிப்பு மதியம் வரை நீள்வது இப்படித்தான்.

வரிசை நகரத் தொடங்குவதிலும் ஒரு சங்கதி உண்டு. முன்னால் நிற்பவர் கிளம்பியதும் கடைசியில் நிற்பவர் கிளம்பிவிடுவதில்லை. கிளம்பும் அலை பின்னோக்கி மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில்தான் போகும். மூன்று கி.மீ. வரிசையின் வால் அசைய மட்டும் பத்து நிமிடம் பிடிக்கும். இதற்கிடையில் அவசரப்பட்டுத் தடம் மாறி இடிக்கும் ஒருவர் போதும், இரண்டாவது விபத்து தயார். வேகமாக வருகிறவர்கள் எதிர்பாராத இடத்தில் வரிசையின் வாலைச் சந்திப்பதால், இந்த இரண்டாவது விபத்து முதலாவதைவிடக் கொடூரமாக இருப்பதும் உண்டு.

இதெல்லாம் எந்த நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். பாலத்துக்கு என்றே உள்ள சிக்கல் வேறு. சாலையில் பழுதான வண்டியை நாலு பேர் சேர்ந்து ஓரத்து மண்ணில் தள்ளிவிடலாம். பாலத்தில் ஓரம் என்றால் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் ஆறு. பாலத்தின் அகலம் ஒவ்வொரு மீட்டருக்கும் பெரும் செலவு வைக்கும் என்பதால், கட்டும்போது முதலில் கை வைப்பது, பழுதான வண்டி ஒதுங்கி நிற்க விடும் ஓரத்தடத்தில்தான். இருந்த ஓரத்தடத்தையும் பிற்பாடு விழுங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தை ஒஹையோ ஆற்றின் மறுகரையோடு இணைக்கும் பிரென்ட் ஸ்பென்ஸ் பாலம் 1963-இல் திறக்கப்பட்டபோது ஒரு திசைக்கு மூன்று தடங்களும் ஓரத்தடமும் இருந்தன. போக்குவரத்து பெருகவே, 1980-களின் நடுவில் ஓரத்தடத்தை எடுத்துவிட்டு, கோடுகளை மாற்றிப் போட்டு, நான்கு தடமாக்கினார்கள். காகிதத்தில் கொள்ளளவு கூடியது. பழுதான வண்டி ஒதுங்க ஓர் அங்குலம் மிச்சமில்லை. ஓரத்தடத்தை “வீணாகக் கிடக்கும் இடம்” என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தப் பாலத்தைத்தான் காட்டுவேன்.

உதவி வந்து சேர்வதும் பாலத்தில் கடினம். வரிசையைத் தாண்டி வரக் குறுக்குத் தெரு கிடையாது. நடுவில் தடுப்புச்சுவர் இருப்பதால் எதிர்த்திசையில் வந்து திரும்பவும் முடியாது. பல ஊர்களில் ஆறுதான் எல்லை. இந்தக் கரை ஒரு நிர்வாகம், அந்தக் கரை இன்னொரு நிர்வாகம். பாலத்தின் நடுவிலிருந்து அழைப்பவர் பதற்றத்தில் “பாலத்து மேல இருக்கோம், சீக்கிரம் வாங்க” என்று மட்டும் சொல்வார். எந்தத் திசை, எந்தக் கரைக்குக் கிட்டே என்று கேட்டால் தெரியாது. சுற்றிலும் தண்ணீர், அடையாளம் சொல்ல ஒரு கடையோ கட்டடமோ இல்லை. கட்டுப்பாட்டு அறை தவறான கரையிலிருந்து வண்டியை அனுப்பிவிட்டால், அது தடுப்புச்சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கையைப் பிசையும். மறுகரை வரை போய்த் திரும்பி, வரிசையின் வாலிலிருந்து ஊர்ந்து வர வேண்டும். இதற்கே இருபது நிமிடம் போய்விடும். விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் எண்ணும், அது எந்தக் கரையை நோக்கிய திசை என்பதும் எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். கொஞ்சம் பெயின்ட்தான் செலவு. பல பாலங்களில் அதுகூட இல்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

தீ விபத்து தனிக் கதை. 2020 நவம்பர் 11 அதிகாலையில், மேலே சொன்ன அதே பிரென்ட் ஸ்பென்ஸ் பாலத்தின் கீழ்த்தளத்தில் ஒரு லாரி குறுக்காக மடங்கி நின்றது. பின்னால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற வேதிப்பொருளை ஏற்றி வந்த இன்னொரு லாரி அதன்மேல் மோதி, டீசல் பற்றிக்கொண்டது. உயிரிழப்பு இல்லை, தீயும் சில மணி நேரத்தில் அணைந்தது. பாலம் திறந்ததோ டிசம்பர் 22-இல். “தீதான் அணைந்துவிட்டதே, ஏன் திறக்கவில்லை?” என்ற கேள்வி இப்படிப்பட்ட ஒவ்வொரு தீக்குப் பிறகும் எழும். எஃகு 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடானால் அதன் வலிமையில் ஏறக்குறைய பாதி போய்விடும். எரிபொருள் தீ அந்த வெப்பத்தைச் சுலபமாகத் தாண்டும். ஆறியதும் பார்வைக்கு நன்றாக இருக்கும் உத்தரம் உள்ளுக்குள் நெளிந்திருக்கலாம், அதன் போல்ட்டுகள் இறுக்கம் இழந்திருக்கலாம். கான்கிரீட்டில் உள்ள ஈரம் ஆவியாகி உள்ளிருந்து வெடித்துச் சில்லுசில்லாகப் பெயர்ந்திருக்கும். ஆய்வுக்குப் போகும் பொறியாளர் சின்னச் சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டிக்கொண்டே நகர்வார். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்பொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது என்று அர்த்தம், அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார். பிறகு மாதிரிகளை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதைச் செய்யாமல் திறப்பது மக்களின் உயிரோடு விளையாடுவது.

எல்லாத் தாமதமும் கெட்டதல்ல என்று சொல்ல இதுதான் இடம். 2024 மார்ச் 26 பின்னிரவில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், படாப்ஸ்கோ ஆற்றில் ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணை நோக்கிப் போனது. கப்பலிலிருந்து ஆபத்து அழைப்பு வந்ததும், இரு முனையிலும் வண்டிகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு பறந்தது. போலீஸார் பாலத்தை மறித்த சிறிது நேரத்திலேயே கப்பல் மோதி, பாலம் நொடிகளில் சரிந்தது. பாலத்தின்மேல் குழி அடைத்துக்கொண்டிருந்த சாலைப் பணியாளர்கள் ஆறு பேர் இறந்துபோனார்கள். அவர்களை எச்சரிக்க நேரம் போதவில்லை. வண்டிகளில் வந்தவர்கள் பிழைத்தது அந்த மறிப்பால். அதற்குப் பிறகு வந்த சிக்கலும் கவனிக்கத் தக்கது. பக்கத்தில் துறைமுகத்துக்கு அடியில் இரண்டு சுரங்கப்பாதைகள் இருந்தன. ஆனால் தீப்பற்றும் சரக்கு ஏற்றிய லாரிகளுக்குச் சுரங்கத்தில் அனுமதி கிடையாது. அவை நகரத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மாற்றுவழி இருக்கிறது என்று வரைபடத்தைக் காட்டினால் மட்டும் போதாது, எந்த வண்டிக்கு இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரம் இந்தப் பாடத்தை அதற்கு வெகுகாலம் முன்பே, கடுமையாகக் கற்றது. 1975 ஜனவரி 5 இரவு ‘லேக் இல்லவாரா’ என்ற கப்பல் டெர்வென்ட் ஆற்றின் டாஸ்மன் பாலத்தில் மோதியது. தளத்தில் இடைவெளி விழுந்தது தெரியாமல் நான்கு கார்கள் இருட்டில் ஆற்றுக்குள் விழுந்தன. கப்பல் ஊழியர்கள் ஏழு பேரும் காரில் வந்தவர்கள் ஐந்து பேருமாகப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். நகரம் இரண்டாகப் பிளந்தது. சில நிமிடத்தில் கடந்த ஆற்றை, சாலை வழியே சுற்றிக் கடக்கச் சுமார் 50 கி.மீ. போக வேண்டியிருந்தது. மக்கள் படகுகளை நம்பிப் பிழைத்தார்கள். பாலம் மீண்டும் திறந்தது 1977 அக்டோபரில். அதன்பின் அங்கே ஒரு வழக்கம் வந்தது: பெரிய கப்பல் அடியில் கடக்கும்போது மேலே வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். இப்படிக் காத்திருக்கும் சில நிமிடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மோதலே இல்லாமலும் பாலம் மூடப்படும். 2021 மே 11 அன்று மெம்பிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின்மேல் உள்ள எர்னாண்டோ டி சோட்டோ பாலத்தில், வழக்கமான ஆய்வின்போது முக்கிய எஃகு உறுப்பு ஒன்று கிட்டத்தட்ட முழுதாக விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. ஆய்வாளர் அங்கேயே அவசர எண்ணை அழைத்து, போக்குவரத்தை உடனே நிறுத்தச் சொன்னார். மேலே வண்டிகள் மட்டுமல்ல, கீழே ஆற்றுப் போக்குவரத்தும் சில நாள் நின்றது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரக்குப் படகுகள் காத்துக் கிடந்தன. சாலை முழுதாகத் திறக்க ஆகஸ்ட் தொடக்கம் ஆனது. அந்த விரிசல் 2019-இல் எடுத்த படங்களிலேயே தெரிந்திருந்தது என்று பின்னர் வெளிவந்தது. அன்றே கவனித்திருந்தால் திட்டமிட்டு, ஒவ்வொரு தடமாக மூடிச் சரிசெய்திருக்கலாம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

பாதிப் பாலத்தில் முழுப் போக்குவரத்தும் ஓடினால் என்ன ஆகும் என்பதற்குக் கங்கையின்மேல் பாட்னாவையும் ஹாஜிப்பூரையும் இணைக்கும் மகாத்மா காந்தி சேது நல்ல சான்று. சுமார் ஐந்தரை கி.மீ. நீளம். மேல்தளத்தைப் பிரித்து எஃகில் புதுப்பிக்கும் வேலை 2017 முதல் 2022 வரை ஒவ்வொரு பக்கமாக நடந்தது, அதுவரை மற்ற பக்கத்திலேயே இரு திசை வண்டிகளும் ஓடின. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் அச்சு முறிந்த ஒரே லாரி போதும், இரு கரையும் சேர்ந்து நிற்கும்.

காற்று, திறந்து மூடும் பாலத்தின் கோளாறு இரண்டும் சுருக்கமாக. பலத்த காற்றில் முதலில் கவிழ்வது வெற்று கண்டெய்னர் லாரியும் உயரமான வேனும்தான், அதனால் அவற்றை முதலில் தடுத்து, காற்று இன்னும் கூடினால் எல்லாவற்றையும் தடுப்பார்கள். லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் இரண்டாம் எலிசபெத் பாலம் காற்றில் மூடப்பட்டால், அருகில் உள்ள இரண்டு சுரங்கங்களை ஒரு திசைக்கு ஒன்றாகப் பிரித்துச் சமாளிக்கிறார்கள். 2024 ஜூலையில் நியூயார்க்கின் ஹார்லெம் ஆற்றில் தேர்ட் அவென்யூ பாலம் கப்பலுக்காகத் திறந்தபின், வெயிலில் எஃகு விரிந்து மூட முடியாமல் நின்றுவிட்டது. படகிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்தார்கள்.

ஒருவர் மன வேதனையில் பாலத்தின் விளிம்பில் நிற்பதால் போக்குவரத்து நிறுத்தப்படும் நேரங்களும் உண்டு. பேச்சு கொடுப்பவருக்கு அமைதியும் அவகாசமும் வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும். ஹாரன் அடிப்பது, கூச்சலிடுவது, செல்போனில் படம் எடுப்பது எல்லாம் ஓர் உயிரைக் காப்பாற்றும் வேலையைக் கெடுக்கும்.

சரி, எது உண்மையில் பலன் தரும்? என் வரிசையில் முதலிடம், பரபரப்பு நேரங்களில் பாலத்தின் இரு முனையிலும் தயாராக நிற்கும் இழுவை வண்டி. சம்பவம் நடந்த பின் ஊருக்குள்ளிருந்து கிரேனைக் கூப்பிட்டால், அதுவும் அதே நெரிசலில்தான் சிக்கும். கூடவே ஓர் அதிகாரம் வேண்டும்: காயம் இல்லாத சிறு மோதல் என்றால் படம் எடுத்துக்கொண்டு வண்டிகளை உடனே பாலத்தை விட்டு இறக்குவது. யார்மேல் தப்பு என்ற வழக்கைப் பாலத்தின் நடுவில் வைத்துப் பேசத் தேவையே இல்லை, கரையில் பேசலாம்.

இரண்டாவது, கடைசித் திருப்பத்துக்கு முன்னால் தகவல். பாலத்தின் அணுகுசாலையில் ஏறிவிட்டவருக்கு “முன்னால் விபத்து” என்று பலகை காட்டி என்ன பயன்? திரும்ப வழியில்லை. அந்தப் பலகை திருப்பத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், லாரிக்கு எந்த வழி, காருக்கு எந்த வழி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செல்போன் செயலி எல்லோரையும் ஒரே சந்துக்குள் திருப்பிவிடும், அங்கே உள்ள சிறு பாலம் அந்த எடையைத் தாங்குமா என்பது செயலிக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது, நுழைவைக் கட்டுப்படுத்துவது. பாலம் அடைபட்டதும் அதன்மேல் வண்டிகளை ஏறவிடாமல் கரையிலேயே நிறுத்தினால், மேலே நிற்பவர்களுக்கு வழி பிறக்கும். நடுத் தடுப்புச்சுவரில் சில இடங்களில் திறக்கக்கூடிய கதவு வைத்தால் எதிர்த்திசையில் ஒரு தடத்தைக் கடன் வாங்கலாம். இவை எதற்கும் புதுப் பாலம் கட்டும் செலவு ஆகாது. புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டக் காட்டும் ஆர்வத்தில் ஒரு சிறு பங்கை இழுவை வண்டிக்குக் காட்டினாலே நிலைமை மாறும்.

நீங்களே பாலத்தில் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியவை சில. வண்டி திணறத் தொடங்கினால், ஓடும் நிலையில் இருக்கும்வரை எப்படியாவது பாலத்தை விட்டு இறங்கப் பாருங்கள். டயர் வீணானாலும் பரவாயில்லை. நின்றேவிட்டால் அபாய விளக்கைப் போட்டு, எந்தக் கரையை நோக்கிப் போகிறீர்கள், எந்தக் கம்பத்தருகே நிற்கிறீர்கள் என்று அழைப்பில் முதலில் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபின் ஒதுங்க நினைத்தால் நடக்காது, அதற்குள் முன்னும் பின்னும் ஒட்டி நின்றிருப்பீர்கள். ஜெர்மனியில் நெரிசல் தொடங்கும்போதே வழிவிட வேண்டும் என்பது சட்டம்: நடுத் தடுப்பை ஒட்டிய தடத்தில் உள்ளவர்கள் தடுப்போடு அணைந்தும், மற்ற தடங்களில் உள்ளவர்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்தும் நடுவில் ஒரு வண்டி போகும் பாதையை விடுவார்கள். ஓரத்தடம் இல்லாத பாலத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது.

நிற்கும்போது, எதிர்ப்பக்கம் கனரக லாரி போனால் காலடியில் தளம் லேசாக அதிர்வது தெரியும். அதைக் கண்டு பலர் பயந்துவிடுகிறார்கள். பாலம் அப்படிக் கொஞ்சம் அசையும்படிதான் கட்டப்படுகிறது. நீண்ட பாலங்களை வடிவமைக்கும்போது, நெரிசலில் வண்டிகள் நெருக்கமாக நிற்கும் சுமையையும் கணக்கில் எடுத்துத்தான் கட்டுகிறார்கள்.

தீயோ புகையோ இருந்தால் மட்டும் இறங்குங்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, தீயை விட்டு விலகி நடந்தே போங்கள். ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: நடுத் தடுப்புச்சுவரைத் தாண்டி எதிர்ப்பக்கம் குதிக்காதீர்கள். பகலில் பார்த்தால் ஒரே பாலமாகத் தெரிவது பல இடங்களில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு தனிப் பாலங்கள். நடுவில் ஓர் ஆள் விழும் அளவுக்கு இடைவெளி இருக்கும், கீழே நேராக ஆறு. இருட்டில், பதற்றத்தில், சுவருக்கு அப்பால் சாலை இருக்கும் என்று நம்பிக் குதித்தவர்கள் இறந்திருக்கிறார்கள். பாலத்தில் குழந்தைகளோடு போகிறவர்கள் இதை வீட்டிலேயே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.